எஞ்சிய ஆயுள்

படிவத்தின் பதினேழாம் கட்டம் கேட்கிறது:
எஞ்சிய ஆயுள், ஆண்டுகளில்.
பேனையை மூடுகிறேன், திறக்கிறேன்.
பஞ்சிகாவத்தையில் பகல் பதினொன்றரை.
தகரக் கூரைக்குக் கீழே
தகரத்தைவிடச் சூடாக நிற்கிறது அது.

ஏழு தசம் மூன்று லீற்றர். எட்டு சிலிண்டர். பெற்றோல்.
முப்பத்தாறு ஓட்டோக்களின் எஞ்சினை
ஒன்றாகச் சேர்த்துக் கட்டினாலும்
இன்னும் அரை ஓட்டோ குறையும்.
ஏதோ தூதரகத்தின் ஏலத்தில் எடுத்தாராம் கொறேரா.
இடப்பக்க ஸ்டியரிங்.
பார்க்கிங் துண்டு வாங்க
பக்கத்து ஆசனத்தைத் தாண்டிப் படுக்கவேண்டும்.

"பாரம் இழுக்க டீசல்தானே நல்லது?" என்றேன்.
முகத்துவாரத்தில் படகு இழுப்பவர் அவர்.
சிரிக்காமல் சொன்னார்:
"போன வண்டி டீசல்தான் மிஸ். புத்தம் புதுசு.
அதுக்கு யூரியாத் தண்ணி ஊத்தணும்,
புகையை வடிக்க ஒரு சட்டி,
சட்டியைக் கவனிக்க ஒரு சென்சர்,
சென்சரைக் கவனிக்க இன்னொண்டு.
ஒருநாள் அதில ஒண்டுக்குச் சந்தேகம் வந்திட்டுது.
களனிப் பாலத்து நடுவில, முதுகில படகோட,
இனி நடந்துதான் போவேன் எண்டு நிண்டிட்டுது.
இதுக்குக் கோபம் வந்தா
பிளக்கை மாத்தினாப் போதும்."

"லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?"
"மூணு."
"படகோடு?"
அவர் கூரையைப் பார்த்தார்.
சுனிமல் பாஸ் விரலில் ஒன்றைக் காட்டி
பிறகு அதையும் பாதியாக மடக்கினார்.

எனக்கு அந்தக் கியூ வருடம் நினைவு வந்தது.
கொலன்னாவையில், ஸ்கூட்டர் ஆசனத்தில்
கால் மடக்கிப் படுத்த மூன்று இரவுகள்.
நான்கு லீற்றருக்காக
முன்பின் தெரியாத ஒருவரோடு பிஸ்கட் பங்கிட்டது.
அந்த வரிசையில் இது நின்றிருந்தால்
பம்பு வாசலை நெருங்குமுன்
நகர்ந்து நகர்ந்தே தாங்கி வறண்டிருக்கும்.

முதுகுக்குப் பின்னால் சோற்றுப் பார்சல் வந்தது.
மின் ஸ்கூட்டர்; வந்ததை மூக்குத்தான் சொன்னது.
பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமல்
மூடி திறந்த எஞ்சினை எட்டிப் பார்த்து
"இது பழசா, புதுசா?" என்றான்.
யாரும் உடனே பதில் சொல்லவில்லை.
இரண்டு வருடத்துக்கு முன் செய்தது.
ஆனால் அவன் கேட்டது அதுவல்ல.

பாஸ் சாவியைத் திருப்பினார்.
ஆணிகளில் தொங்கிய கேஸ்கட்டுகள் ஒருமுறை சிலிர்த்தன.
எதிர்க்கடையில் இஃப்ஹாம்
எண்ணிக்கொண்டிருந்த காசை
மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.
பிறகு அடங்கி, தாழ்ந்து,
உண்ட களைப்பில் உறங்கும் ஒருவரின்
மார்புபோல் சீராக.
மட்கார்டில் கை வைத்தேன்.
மணிக்கூடு முழங்கைவரை அதிர்ந்தது.
சொல்ல வெட்கம்தான்: பிடித்திருந்தது.

இனி இவை சக்கரத்தைச் சுற்றமாட்டாவாம்.
ஓரமாக இருந்து பேட்டரிக்கு மின்சாரம் சமைக்குமாம்.
எங்கள் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள்.
கொறேராவிடம் சொன்னேன்.
"பரவாயில்ல, வீட்டில இருந்தா சமைக்கட்டும்" என்றார்,
"ஆனா படகு இழுபடணும்."

எஞ்சினுக்கு முப்பது போடலாம், இரும்பு தாங்கும்.
பெற்றோல் கப்பலுக்கு எத்தனை?
அதை வாங்கும் டொலருக்கு?
சாய்தளத்தில் வழுக்கி விழுந்து
ஆணி வைத்த கொறேராவின் முழங்காலுக்கு?
கட்டம் ஒன்றுதான்,
இரண்டு இலக்கத்துக்கு மட்டும் இடம்.

பதினொன்று என்று எழுதினேன்.
"எவ்வளவு போட்டீங்க?"
சொன்னேன்.
"எனக்கா, அதுக்கா?"

பாஸ் சாவியை மூடினார்.
தெருவின் மற்றச் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.
சூடான இரும்பு சுருங்கிச் சுருங்கி
டிக், டிக்கென்று எதையோ எண்ணியது.
ஒன்பதுவரை கூட எண்ணினேன்.
பிறகு இஃப்ஹாம் எதையோ கேட்டுக் கூப்பிட்டார்,
தவறவிட்டேன்.