இரண்டு மில்லிமீட்டர்

நகத்தை வைத்து இழுத்தேன்.
கரகரவென்றது.
கண்ணுக்கு என்னவோ பளபளப்புதான்,
நகத்திடம்தான் அலுமினியம் உண்மை பேசும்.

நடவு எந்திரத்தின் கியர்பாக்ஸ் மூடி.
கூத்தாநல்லூரிலிருந்து ஜபருல்லா
பைக் டேங்க் மேல் துண்டு விரித்து
கொண்டுவந்து வைத்தது.
இந்த முகத்தோடு திருப்பிக் கொடுத்தால்
எத்தனை பேக்கிங் வைத்தாலும்
எண்ணெய் வயலுக்குத்தான்.
விடிந்தால் எண்கண்ணில் எட்டு ஏக்கர்.
தட்டு நாற்றுக்குப் பதினேழு நாள் ஆயிற்று.

"பட்டை போட்டு ஒரு தேய் தேய்ச்சிடேன், செங்கமலம்."
தேய்த்தால் பளபளப்பு வரும், ஜபருல்லா.
மட்டம் வராது.

கொரடாச்சேரியில் இரவு பதினொன்று.
பகல் வோல்டேஜ் பம்புசெட்டுகளுக்கு,
எனக்கு மிச்சம் இந்த நேரம்.
கோயம்புத்தூரில் மூன்றாம் கைக்கு வாங்கிய மில்லிங் மெஷின்
தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிது.

லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
கட்டருக்கு நாலு பல்.
ஒரு சுற்றுக்கு ஒரே கோடு.
நாலு ஆள் கூலி வாங்கி
ஒருத்தி மட்டும் குனிந்து நடுகிற வயல்.
காலெட்டைக் கழற்றினேன்:
உள்ளே, பேன் குஞ்சு அளவில்
ஒரு பித்தளைப் பிசிறு.
போன வாரத்து வேலை.
துடைத்து, மாட்டி, டயல் வைத்துச் சுற்றினேன்.
முள் அசையவில்லை.

மண்ணெண்ணெய் தொட்டு இன்னொரு வெட்டு.
சுருள்கள் இப்போது சூடாக, ஒரே நீளத்தில்,
ஜபருல்லாவின் முழங்கையில் தெறித்தன.
அவன் நகர்ந்து உட்கார்ந்தான்.
நகம் வைத்தேன்.
கரகரப்பு இல்லை.
ஆனால் அலை இருக்கிறது.
மெதுவான, சோம்பேறி அலை,
ஓர் அரிசி அகலத்துக்கு ஒன்றாக.

ஜிப் திருகுகளை இறுக்கினேன். அலை.
வேகத்தைக் குறைத்தேன். அலை.
வைஸைக் கழற்றி அடியில் ஊதி மறுபடி பூட்டினேன்.
அலை.
டீ ஆறிவிட்டது.
அவன் போன் ஒருமுறை அடித்து நின்றது.

ஸ்கேலை வைத்து எண்ணினேன்,
இருபது மில்லிமீட்டரில் பத்து.
இரண்டுக்கு ஒன்று.
இரண்டு. எங்கேயோ பார்த்த எண்.
என் கையில்தான் இருந்தது:
கைப்பிடி ஒரு சுற்றுக்கு
மேசை நகர்வது இரண்டு மில்லிமீட்டர்.

திருகு வளைந்திருந்தால் மூவாயிரம் ரூபாய்.
வயிற்றில் ஏதோ புரண்டது.

மோட்டாரை நிறுத்தினேன்.
எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி
ஸ்பிண்டில் தலைமேல் வைத்தேன்.
கட்டர் ஓடவில்லை, எதையும் தொடவில்லை.
கைப்பிடியை மட்டும் சுற்றினேன்.
ஒவ்வொரு சுற்றிலும் கை கீழே இறங்கும்போது
தண்ணீர் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.

"பேய் புடிச்சிருக்கு," என்றான்.
இல்லை. கால் நிற்கவில்லை.

ஸ்டாண்டின் நாலு காலடியிலும்
டீத்தூள் பாக்கெட்டுத் தாளைச் செருகிப் பார்த்தேன்.
மூன்றில் நுழையவில்லை.
ஆற்றுப்பக்கத்துக் கால் அடியில்
வழுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் வந்தது.

சித்திரையில் நானே மட்டம் வைத்தேன்,
குமிழி நடுவில் நின்றது, சத்தியமாக.
அப்போது வெட்டாறு வெறும் மணல்,
களி வெடித்துக் கிடந்தது, விரல் போகும் வெடிப்பு.
பதினோரு நாளாகத் தண்ணீர் ஓடுகிறது.
குடித்த மண் உப்பி
என் சிமெண்டுத் தரையின் ஒரு மூலையை
தாளின் கனத்துக்குத் தூக்கியிருக்கிறது.
அணை திறந்த செய்தி எல்லோருக்கும் தெரியும்.
எனக்கு மட்டும் அலுமினியத்தில் வந்தது.

ஒரு பழைய பிளேடு, அரைத் துண்டு தகடு.
செருகி, தட்டி, டம்ளரை மறுபடி வைத்தேன்.
தண்ணீர் அதன் பாட்டுக்கு இருந்தது.

கடைசி வெட்டு, கால் மில்லிமீட்டர்கூட இல்லை.
மூடியைச் சாய்த்துப் பார்த்தேன்,
பரம்படித்த நாற்றங்காலில் சேறு கிடக்கிற மாதிரி.
அதற்குள் டியூப்லைட் வளையாமல் கிடந்தது.
ஜபருல்லா தன் நகத்தை வைத்து இழுத்தான்,
ஒன்றும் சொல்லவில்லை,
துண்டில் சுற்றினான்.

அவன் போன பிறகு சுவரில் சாக்பீஸால் எழுதினேன்:
தை. தண்ணீர் நிறுத்தியதும் பிளேடை எடுக்க.
மண் இறங்கிவிட்டால்
இதுவே குற்றவாளி.