முழுமையும் இறுதியுமான

பகாவில், மோட்டார் கடைக்கு மேல்மாடி.
சற்குணம் வக்கீல் அலுவலகத்தில்
பதினோரு வருஷமாக
ஆங்கிலத்தைத் தமிழாக்கி வயிறு கழுவுகிறேன்.
பக்கத்துக்குப் பன்னிரண்டு வெள்ளி.
முத்திரைக்குத் தனி.

இன்று மேசையில் ஒரு கடிதம்.
தோட்டத்தை விற்ற கம்பெனி
ஏழு குடும்பத்திடம் கையெழுத்துக் கேட்கிறது,
இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று.
முழுமையும் இறுதியுமான
என்பது வரை எழுதிவிட்டேன்.
அடுத்த சொல்லில் பேனா நின்றுவிட்டது.

செட்டல்மெண்ட்.

இந்த ஊரில் அதைத் தெரியாதவர் யார்?
கோப்பிக் கடை ஆ ஹோக்
கிளாஸை எடுத்துக்கொண்டே கேட்பான், செட்டலா?
ஆலோங் ஆட்கள் எங்கள் கேட்டில்
சிவப்புச் சாயம் வீசிய மறுநாள்
அண்ணன் மோட்டாரை விற்றுவிட்டு
நடந்து வந்து சொன்னான், செட்டல்.
சாலைத் தடுப்பில்
லைசென்சுக்குள் மடித்த ஐம்பது வெள்ளி இருந்தால்
யாரும் வாய் திறக்காமலே அது நடந்துவிடும்.

அம்மா மட்டும் போனில்
அதைக் கேள்வியாக இழுப்பாள்:
நீ எப்பத்தான்மா லைஃப்ல செட்டல் ஆவ?
முப்பத்தெட்டு வயது எனக்கு.
பதினோரு வருஷமாக
ஒரே நாற்காலியில்தான் இருக்கிறேன்.

அகராதி தீர்வு என்கிறது.
தீர்வு என்றால் வலி போயிருக்க வேண்டும்.
தீர்த்தாச்சு என்று எழுதலாம்,
கடன் தீரும், அரிசி தீரும்,
ஆளையும் தீர்ப்பார்கள் நம் மொழியில்.
குடியேற்றம் என்றும் போட்டிருக்கிறது.
அது செர்ட்டிங் பக்கம்
பெல்டாவில் நிலம் வாங்கியவர்களுக்கு.
இது கிளப்புகிற கடிதம்.
கடைசியில், பொடி எழுத்தில்:
கலங்கியது அடியில் படிதல்.
கோப்பி கிளாஸைப் பார்த்தேன்.
மேலே தெளிவாகத்தான் இருந்தது.

மத்தியானம் ரெங்கநாயகி படியேறி வந்தார்.
ஒரு கையில் ஹெல்மெட்,
மறு கையில் மலிவு வீட்டுச் சாவி.
இருபத்தாறு வருஷம்
செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிய விரல்கள்
தாளின் ஓரத்தைத் தொட்டன.
படிச்சுக் காட்டு.

படித்தேன்.
அந்த இடம் வந்ததும் இருமினேன்.
அவர் இருமலைப் பிடித்துக்கொண்டார்.
அங்க என்னமோ முழுங்கிட்டியே?

செட்டல்மெண்ட்க்கா, என்றேன்.

அதுவா, என்று சிரித்தார்.
அது எங்க வீட்லயே இருக்கு.
சமையக்கட்டுச் சுவத்துல.

வெடிப்பைப் பார்க்க இஞ்சினியர் வந்தானாம்,
சின்னப் பையன், டார்ச் லைட்டோடு.
செட்டல்மெண்ட், பியாசா என்றானாம்.
புது வீடு மண்ணுல உக்காருதாம்,
வழக்கமா நடக்கிறதாம்,
உக்காந்து முடிஞ்சா சரியாயிடுமாம்.

போன தீபாவளிக்கு
இருபது காசை வெடிப்புல நட்டு வெச்சேன்,
நிக்குதா பார்ப்போம்னு.
பொங்கலுக்குப் பாதி உள்ள போயிருந்துச்சு.
போன வாரம் ராத்திரி விழுந்திடுச்சு.
சுவத்துக்குள்ள டிங்குனு ஒரு சத்தம்.
அவரு எந்திரிச்சு உக்காந்துட்டாரு,
யாரு கதவத் தட்டுறாங்கன்னு.

பேனாவை நீட்டினேன்.
சற்குணம் சார் உள்ளறையிலிருந்து எட்டிப்பார்த்தார்.
ரெங்கநாயகி பேனாவை வாங்கினார்,
மூடியைத் தேடி எடுத்தார், மூடினார்,
என் பக்கமே உருட்டிவிட்டார்.

வீடு உக்காந்து முடியட்டும், என்றார்.
அப்புறம் போடுறேன் கையெழுத்து.

பன்னிரண்டு வெள்ளியை எண்ணி வைத்தார்.
பக்கம் இன்னும் முடியலைக்கா என்றேன்.
வெச்சுக்க.
மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம்,
கீழே மோட்டார் இரண்டு உதை வாங்கிக் கிளம்பியது.

தாளில்
முழுமையும் இறுதியுமான
என்பதற்குப் பக்கத்தில்
ஓர் இருபது காசு அகலத்துக்கு
வெள்ளையாக விட்டிருக்கிறேன்.