மூச்சை இழுத்துப் பிடிங்க

குப்பத்தில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
நாளைக்கு நாற்பது நெஞ்சு.
இழுங்க, பிடிங்க, விடுங்க என்பதை
இரண்டு மொழியிலும்
தூக்கத்தில்கூடச் சொல்வேன் என்கிறார் வீட்டுக்காரர்.

கங்குலப்பாவின் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினேன்.
மேலே, இரண்டு பக்கமும்
சுண்ணாம்பு தொட்ட விரலை யாரோ உதறியதுபோலப்
பொடிப் பொடியாக வெள்ளை.
கல்குவாரி, பதினொரு வருஷம்.
டாக்டருக்குத் தெரிந்த கதை.
அவரோ
விலா எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதேமாதிரி ஒருத்தன் எங்க மலையில இருக்கான் மேடம்.
குதிரை மேல."

ஞாயிற்றுக்கிழமை.
பஸ் விட்டுப்போன இடத்தில் எல்லைக்கல்.
அதன் ஆந்திரப் பக்கத்தில்
முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது ஓர் ஆடு.
கைபேசி முதலில் தமிழில் வரவேற்றது,
பத்தடி தள்ளித் தெலுங்கில்.
பிறகு இரண்டுமே எங்களைக் கைவிட்டன.

பாதை என்று எதுவும் இல்லை.
ஆடு போன தடம்,
எப்போதோ தண்ணீர் போன தடம்.
சுடிதார் ஓரமெல்லாம் தையல் போட்டது ஊசிப்புல்.
பறிக்க ஆளில்லாத காட்டுச்சீத்தா
கிளையிலேயே கறுத்துக் கல்லாகியிருந்தது.
எட்டு மணிக்கே
செருப்பைத் தாண்டி வந்தது பாறையின் சூடு.

அவர் நின்றார். நானும் நின்றேன்.
ஐம்பதடிக்கு ஒரு தரம்.
பிறகு முப்பதுக்கு.
நிற்க ஒவ்வொரு தரமும் ஒரு காரணம் வைத்திருந்தார்:
இது கரடி தோண்டின புற்று.
இந்த இலையைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு ஊதும்.
அதோ பாருங்க, பெங்களூர் ரயில்.

ரயில் எதுவும் இல்லை.
போய் முடியும்வரை
நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்கா கொஞ்சம்தான்."
காலையிலிருந்து நாலாவது கொஞ்சம்.

குகை என்று சொல்ல முடியாது.
மலை ஒரு பக்கமாய் உதட்டைத் தூக்கியிருந்தது,
அவ்வளவுதான்.
தவழ்ந்து போனோம். வௌவால் எச்சம்,
ஈக்கள் விட்டுப்போன தேனடை, ஒரு பீடிக்கட்டு உறை.
மல்லாந்து படுக்கச் சொன்னார்.
ஊரையே படுக்கச் சொல்கிறவள்
படுத்தேன்.

முதலில் வெறும் இருட்டு.
அப்புறம் ஒரு முதுகெலும்பு,
விரல் கனத்தில் ஒரே இழுப்பு.
கை. கடிவாளம். முகம் கிடையாது.
அவன் பின்னால் கைகோத்து ஆறேழு பேர்,
கடைசி ஆளை மழைநீர் பாதி குடித்திருந்தது.
போருக்கா, கல்யாணத்துக்கா,
போகிற அவசரம் மட்டும் தெரிந்தது.

குதிரைக்கு ஐந்து கால்.
ஒன்றைத் தப்பாகப் போட்டுவிட்டு
பக்கத்தில் சரியாக இன்னொன்று போட்டிருக்கிறான்.
எனக்கும் அப்படி நாட்கள் உண்டு:
திரும்ப நில்லுங்க, இன்னொன்று எடுக்கணும்.

வால் முடிகிற இடத்தில், அதே வெள்ளையில்,
பி 17.
ஒரு அம்புக்குறி.

"அது யாரு?"

"நான்தான்," என்றார் கங்குலப்பா.
"எந்தக் கல்லை உடைக்கணும்னு நம்பர் போடுற வேலை.
அன்னிக்கு டார்ச் இல்ல.
மேஸ்திரி வெளிய கத்திட்டிருந்தான்.
பெயிண்ட் காயறதுக்குள்ள இவனைப் பார்த்துட்டேன்.
துடைச்சா
இவனும் சேர்ந்து வந்துடுவான்னு
விட்டுட்டேன்."

"உடைப்பாங்களா?"

"லீசு கோர்ட்டுல இருக்கு."
பிறகு, சிரிப்பதுபோல,
"எனக்கு முந்தியா இவனுக்கு முந்தியான்னுதான் தெரியல."
சிரிப்பு இருமலாயிற்று.
இருமல் பாறையில் பட்டுத் திரும்பியது.
குதிரைக்காரன் அசையவில்லை.

கைபேசியை மேலே தூக்கினேன்.
எத்தனையோ நெஞ்சை ஆடாமல் எடுத்த கை
ஆடியது.
பக்கத்தில் கங்குலப்பா,
நான் சொல்லாமலே,
மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

எடுத்தேன். சரியாக விழுந்ததா என்று
பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஐந்தாவது காலை எண்ணினேன்.
விடுங்க என்று சொல்ல
மறந்தே போனேன்.

இறங்கும்போது
நிஜமாகவே ஒரு ரயில் போனது.
அதைப் பற்றி
இருவரும் எதுவும் சொல்லவில்லை.