காடி

அச்சாறுக்கு நான் வாங்கும் அதே காடிதானா என்றேன்.
இல்லை, இது அளந்து கலந்தது என்றார் சயாமா மி சாந்தார்.
தமிழில் சொல்லும்போது நான்
"அதே காடிதான்" என்றே சொன்னேன்.
வரிசை கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.

மௌலமைனில் இதற்காக எங்கள் கோவில் கமிட்டி
மூன்று முறை கூடியது.
அம்மன் முன்னாலா இதெல்லாம் என்றார் பொருளாளர்.
அம்மனுக்கும் இருக்கிறதே என்று யாரும் சொல்லவில்லை.
எனக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.
கடைசியில் மண்டபத்து மணமகள் அறையைத்
திறந்து விட்டார்கள்.
கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம்.
பள்ளிவாசல் தெரு ஜுலைகா
திரைச்சீலை கொண்டுவந்தாள்,
திரைக்குப் பின்னால் போக
இரண்டு நாத்தனார்களையும்.

பர்மியச் சொல்லில் அதற்குப் பெயர் தலை:
தா எய்ன் கௌங், பிள்ளை வீட்டின் தலை.
தமிழில் வாய்.
தலைக்கும் வாய்க்கும் நடுவே
ஒரு முக்காலியில் நான்.
ஆஸ்பத்திரிச் சன்னலில் எங்கே வலி என்றால்
பொத்தாம்பொதுவாக வயிற்றைத் தொட்டுக் காட்டி
வயிற்று மாத்திரையோடு திரும்பியவர்கள்
என் எதிரே, செருப்பைக் கழற்றலாமா என்று கேட்டபடி.

காடி தொட்டு வைத்தால்
ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.
அந்த நிமிடத்தில் எல்லோரும் ஏதாவது பேசினார்கள்.
உளுந்து விலை. கரண்ட் எப்போது வரும்.
பாங்காக்குக்குப் போன மகன் பணம் அனுப்பாதது.
செங்கமலம் மட்டும் பேசவில்லை.
யார் கல்யாணத்திலோ மிஞ்சிய
காகிதத் தோரணத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

சயாமா ஒரு சொல் சொன்னார்: ப்யூ.
வெள்ளை.

காடி பட்டால் மீன் வெளுக்கும்,
அது என் தொழில், எனக்குத் தெரியும்.
ஆனால் வெள்ளை என்று நான் சொன்னால்
இவள் வெள்ளைச் சேலைவரை போய்விடுவாள்.
"ஓரிடத்தில் காடி பிடித்திருக்கிறது, செங்கமலம்.
அது நோய் இல்லை. விட்டால் நோயாகலாம்.
பாட்டரியில் ஓடும் கருவி இருக்கிறது,
இன்றைக்கே, இங்கேயே சுட்டுவிடலாம்.
நான் உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன்."
ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்றார் சயாமா.
எங்கள் பாஷை கொஞ்சம் நீளம் என்றேன்.

சாயங்காலம், அறையைப் பெருக்கப் போகையில்
"நீ?" என்றார் அவர்.
ஒரே சொல். எனக்கு விளங்காததுபோல் நின்றேன்.
ஜுலைகா வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.
அந்த ஒரு நிமிடத்தில்
நானும் உளுந்து விலைதான் பேசினேன்.

பட்டியலில் ஒன்பது பேருக்கு நேராக ஒன்றுமில்லை.
எல்லாம் முடோன் ரப்பர்த் தோட்டத்துக்காரிகள்.
பால் வெட்டப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை.
வெட்டு முடிய மணி பத்தாகும்.
அடுத்த ஞாயிறு பத்தரைக்கு நாங்கள் அங்கே போகிறோம்,
மாதாகோவில்காரர்களின் வண்டியில்,
பெட்ரோல் யார் தலையில் என்பது
இன்னும் முடிவாகவில்லை.

திங்கட்கிழமை கடையில்
மாங்காய் அச்சாறு அரைக் கிலோ என்றாள் ஒருத்தி.
நிறுத்துக்கொண்டே கேட்டேன்:
உனக்கு வயது என்ன?