விண்ணப்ப எண் 2217

முதல் கடிதம்: மரம் மதிலைவிட உயரம், குறைக்கவும்.
இரண்டாவது: குறைத்த விதம் குடியிருப்பின் அழகுக்கு ஒவ்வாது.
மூன்றாவது வருவதற்குள்
கீழ்க் குளியலறையில் தண்ணீர் திரும்பி வந்தது.

இர்ஃபான் குழாய்க்குள் கம்பியை விட்டு
இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார்.
வாரிச் சுருட்டிய தலைமுடிபோல
சிவந்த வேர், ஒரு வாளி.
"தமாஸ், மேடம்" என்றார்,
பழைய வழக்கில் சிக்கிய ஆளைச் சொல்வதுபோல.
"ஈரம் எங்கேயோ அங்கே போயிடும்."

இந்தத் தீவுக்கே வயது இருபதுதான்.
கடலை மணலால் மூடி, மணலைக் கல்லால் மூடி
முஹரக்குக்கு அப்பால் கட்டிய வீடுகள்.
வாங்கிய நாளில் நூற்றுப்பன்னிரண்டு பக்கம்
கையெழுத்திட்டோம்.
கதவின் பழுப்பு எந்தப் பழுப்பு,
துணி காயும் கயிறு எவ்வளவு மறைவு,
பாய்மரப் படகை வாசலில் நிறுத்தலாமா
(எங்களிடம் ஒரு பரிசல்கூட இல்லை).

வெட்டாமல் விட்டால் அபராதம்.
கேட்காமல் வெட்டினால் அதைவிட அபராதம்.
ஃபெலிக்ஸ் கால்குலேட்டரைத் தட்டினார்:
குழாய்க்கு நானூறு தினார், பிணைத்தொகை இருநூறு.
மரத்துக்கு என்று ஒன்றும் வரவில்லை.
எங்களுக்குமுன் இருந்த ஈராக்கியர்
தொட்டியோடு வைத்துவிட்டுப் போனது அது.
தொட்டியை உடைத்துக்கொண்டு தானே இறங்கியிருந்தது.

ஏழாம் கட்டம்:
பாதிக்கப்படும் அண்டை வீட்டார் கையொப்பம்.

இடப்பக்கம் மதாம் ரீமா
பேனாவை என் கையிலிருந்தே பிடுங்கினாள்.
நீச்சல்குளத்தில் தினமும் இலை.
பின்வீடு பூட்டு; குவைத்திலிருந்து
கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார்கள், போதுமாம்.
வலப்பக்கம்
கதவைத் திறந்தவள் யோகமலர்.
வவுனியா. மூன்றாவது ஒப்பந்தம்.
உள்ளே கொண்டுபோய்க் கையெழுத்தோடு வந்தாள்,
தாளைத் தரவில்லை.

"எத்தினை மணிக்கு அக்கா வெட்டுவினம்?"

காலை ஆறுக்கு, என்றேன்.
நண்பகலில் வெளியே வேலை செய்யக்கூடாதே.

"இல்லை, ரெண்டு மணிக்கு மதிலடியில நிண்டுதான்
பிள்ளையோட கதைக்கிறனான்.
அங்க நாலரை. டியூஷன் முடிஞ்சு வாற நேரம்.
உங்கட மரம் எங்கட பக்கம்தானே விழுறது, நிழல்."
சிரித்தாள். "பறவாயில்லை, வெட்டுங்கோ."

படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
தண்டின் சுற்றளவு கேட்டிருந்தது.
கூடு உண்டா, ஆம், இல்லை, கேட்டிருந்தது.
மதிலுக்கு அந்தப்பக்கம்
மதியம் இரண்டு மணிக்கு எத்தனை அடி என்று
கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.
அடைத்த குழாய் நாறுகிறது,
இரண்டு குழந்தைகளை மாடிக்குத் தூக்கிப்போய்க்
குளிப்பாட்டுகிறேன்,
எனக்கும் அது வெட்டப்பட்டாக வேண்டும்.

செவ்வாய் காலை. இரண்டு ரம்பம், நாலு பேர்.
ஒன்றரை மணி நேரத்தில்
வண்டியில் ஏறிவிட்டது பதினாறு வருடம்.
கொண்டைக்குருவி ஒன்று வந்து
இல்லாத கிளையின் உயரத்திலேயே
ஒரு நொடி சிறகடித்து, ஏசியின் மேல் போய் உட்கார்ந்தது.
குளியலறைத் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கியது.
நாங்கள் கை தட்டினோம்.

வியாழன் கடிதம் வந்தது.
பிணைத்தொகை திரும்பும். ஆனால்
மதில் மொட்டையாகத் தெரிகிறது;
முப்பது நாளில் இரண்டு மீட்டருக்குக் குறையாத
மறைப்புச்செடி வைக்கவும்.
அங்கீகரித்த செடிகளின் பட்டியல் இணைப்பு.

மதியம். ஜன்னலோரம் பட்டியலோடு இருந்தேன்.
மதிலுக்கு அப்பால் அவள் குரல்,
பிறகு ஃபோனுக்குள் இருந்து ஒரு சின்னக் குரல், கூச்சலாக:

"அம்மா, இண்டைக்கு நல்ல வெளிச்சமா தெரியிறீங்கள்!"

பிறகு,

"கன்னத்தில என்னம்மா, கறுப்பா?"

ஏசி ஒருமுறை நின்று ஓடியது.

"அது நிழல், பிள்ளை" என்றாள்.

நான் மூன்றாம் பக்கத்தில் இருந்தேன்.
முப்பது நாளில்
இரண்டு மீட்டர் வளர்வது எது என்று
விரலை வைத்து
மறுபடி மேலிருந்து படிக்கத் தொடங்கினேன்.