மடிப்புக் கலையாத ஒன்று

வியாழக்கிழமை மூட்டைகளை
நான்தான் அவிழ்ப்பேன்.

போர்த்தோ நகரத்து மேட்டில் எங்கள் சலவைக்கூடம்.
ஓட்டலின் சாப்பாட்டு அறை கீழே, டூரோ ஆற்றோரம்.
இந்தப் பதினோரு வருடத்தில் ஒருநாளும் அங்கே போனதில்லை.
போகாவிட்டால் என்ன,
யார் என்ன தின்றார்கள் என்று
எனக்குத் தெரியாதா?

நூற்று எண்பது மேசைத்துண்டுகள்.
உப்புமீன் எண்ணெய். முட்டைக்கரு. சிவப்பு ஒயின்.
மூன்று விதமான உதட்டுச் சாயம்,
மூன்றும் ஒரே துண்டில்
(நான் எதுவும் கேட்கவில்லை).
ஒருமுறை ஒரு பால்பல்,
நான்கு மூலையும் முறுக்கி, பத்திரமாக.
வீடு போய்ச் சேர்ந்ததும்
தேடி அழுதிருக்கும் அந்தப் பிள்ளை.

வெந்நீரில் எச்சில் போய்விடும்.
கோடுதான் லேசில் போகாது.
கறை, தின்றவரைக் காட்டிக்கொடுக்கும்.
கோடு, மடித்தவரை.

உழுத வயல்போல் பன்னிரண்டு சால் ஓடினால்
அது விசிறியாக நின்றது.
நடுவில் நட்சத்திரம் விழுந்திருந்தால் அல்லிப்பூ.
சாய்ந்த கோடு இரண்டு, ஒரு மூலை மட்டும்
இன்னொன்றின் மடிக்குள் ஒளிந்திருந்த சுருக்கம்:
ஆயரின் தொப்பி.
ஞாயிறுதோறும் நூற்று எண்பது ஆயர்கள்
ரொட்டிக்கூடைகளைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.
பிறகு ஒவ்வொருவராக
யாருடைய வாயையாவது துடைப்பார்கள்.

மடிக்கிறவருக்கு இடதுகைப் பழக்கம்.
மூலை எப்போதும் இடப்பக்கம் நுழையும்.
மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் இழுப்பார்.
நகத்தில் ஒரு பிளவு.
கோட்டுக்குப் பக்கத்தில் மயிரிழைபோல்
இன்னொரு கோடு கூடவே வரும்.
பெல்மீரோ என்று பெயர்.
வேன் ஓட்டும் அடெரிட்டோ சொல்லித் தெரியும்.
முகம் தெரியாது.

பிப்ரவரியில் ஒரு வியாழன்
கோடுகள் எல்லாம் வலப்பக்கம் திரும்பியிருந்தன.
அதுவும் இரட்டை இரட்டையாக:
மடித்து, சரியில்லை என்று பிரித்து,
மறுபடி மடித்த கோடு.
விசிறியில் ஒன்பது சால்தான்.
துணிக்கு வியர்த்திருந்தது.

"மணிக்கட்டு உடைஞ்சிருச்சு ஒட்டீலியா,
சமையல்கட்டுப் படியில வழுக்கி.
இப்போ பாத்திரம் கழுவுற பையன் மடிக்கிறான்.
தொப்பியெல்லாம் குடிச்சவன் மாதிரி சாயுது.
மேலாளர் தினமும் கத்துறாரு."

அன்று
கஞ்சியில் இரண்டு கை கூடப் போட்டேன்.

"என்ன இது, பலகையா?" என்றாள் மேற்பார்வைக்காரி.
"மழைக்காலம்" என்றேன்.
உண்மைதான், மழை பெய்துகொண்டிருந்தது.
இஸ்திரிப் பெட்டியின் கீழ்
ஒவ்வொரு துண்டும் மொடமொடவென்று
முதுகு நிமிர்ந்தது.
போ, அவன் கையில்
கொஞ்சம் நீயே நில்.

அடுத்த மூட்டையிலும் இரட்டைக் கோடுகள்.
அதற்கடுத்ததில் குறைவு.
மூன்றாவது வாரம்
அடியில் நசுங்கிக் கிடந்தது ஒன்று,
மடிப்புக் கலையாமல்.

வராத ஒருவருடைய துண்டு.
எல்லா மூட்டையிலும் ஒன்றிரண்டு இருக்கும்.
காலி நாற்காலிக்கு முன்னால்
இரவு முழுக்க நின்றுவிட்டு
அழுக்கே ஆகாமல் அழுக்கோடு வரும்.
அதையும் துவைக்க வேண்டும், விதி.
நான் பையில் போட்டுக்கொண்டேன்.
எண்ணிக்கையில் நூற்று எண்பது என்றே எழுதினேன்.

வீட்டில் மேசை மேல் வைத்து
விரல் விட்டுக் கொஞ்சம் அகட்டினேன்.
எழுந்து நின்றது.
வலப்பக்கம் சாய்ந்துதான், ஆனால் நின்றது.
அதன் முன்னால் உட்கார்ந்து
இரண்டு மத்தி மீன் தின்றேன், முள்ளை உறிஞ்சி.
கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டேன்.
வேறெதில் துடைப்பது?

பிறகு துணிக்கடைப் பை ஒன்றைக் கிழித்து
அதேபோல் மடித்துப் பார்த்தேன்.
முதலில் படகு வந்தது.
அப்புறம் ஒன்றுமே வரவில்லை.

திங்கட்கிழமை தொப்பியைக் கொண்டுபோய்
மற்றதோடு வெந்நீரில் போட்டேன்.
பொங்கும் நுரையில்
ஒரு நொடி தொப்பியாகவே மிதந்தது.

ஏப்ரலில் கோடுகள் இடப்பக்கம் திரும்பின.
பிளந்த நகத்தின் தடம் இல்லை.
அழுத்தம் கொஞ்சம் குறைவு.
அல்லியில் மட்டும், பத்துக்கு ஒன்று,
வலப்பக்கத்துக் கோடு.

கஞ்சியை நான் இன்னும் குறைக்கவில்லை.