பதினான்காம் பொருள்

துலூத் நகர மன்றம், மூன்றாம் மாடி.
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் பேசினார், எத்தனை நிமிடம், எதைப் பற்றி,
அவ்வளவுதான்.
இருமலை எழுதக் கூடாது.

பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே
ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு.
ஐந்து மணிக்கே பதினொரு பேர் வந்துவிட்டார்கள்,
இரண்டாம் வரிசை முழுக்க.
பூட்ஸில் ஒட்டிய பனி கரைந்து
நாற்காலிகளுக்கு அடியில் குட்டிக் குளங்கள்.
பதினான்காம் பொருள்:
'முதியோர் தத்தம் வீட்டிலேயே வாழ உதவி நிதி.'
நானே தட்டச்சு செய்த வரி.

ஆறாம் பொருள், வாகன நிறுத்தக் கட்டணம்.
ஒரு மணி பத்து நிமிடம் பேசினார்கள்.
ஏழாவது, படகுத்துறை விளக்குகள்
நீலமா வெள்ளையா என்று.
ஆறு ஐம்பதுக்கு இரண்டாம் வரிசை எழத் தொடங்கியது.
மேட்டுத் தெருக்களுக்குப் போகும் கடைசி வேன்
ஏழு ஐந்துக்கு.
கோட்டு மாட்டினார்கள், கைத்தடி தேடினார்கள்,
அடுத்தவர் முழங்காலிடம் மன்னிப்புக் கேட்டபடி
ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.
போகும்போது தங்கள் சீட்டை
இர்யா கோஸ்கெலாவின் மடியில் வைத்தார்கள்.
எண்பத்திரண்டு வயது. தாதுக் கப்பல் துறையில்
முப்பது வருடம் எடை பார்த்தவர்.
அவர் எழவில்லை.

ஒன்பது நாற்பதுக்குப் பெயரை அழைத்தார்கள்.
மூன்று நிமிடம். பச்சை விளக்கு.

"ஓர்வில் பெங்க்ஸ். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி.
நான்கு திருகாணி. போன வருடமும் கேட்டிருந்தார்.
மாபெல் டுஃப்ரேன். வாசல் பனியை வெட்டித் தள்ள ஆள்.
நவம்பரிலிருந்து அவர் வீட்டுக் குப்பை வெளியே போகவில்லை.
ஹ்யால்மர்... இவர் கையெழுத்து புரியவில்லை,
பரவாயில்லை, எனக்குத் தெரியும்:
மதியம் சூடாக ஏதாவது. கொண்டுவருபவர்
ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனால் நல்லது.

எடை பார்த்தவள், கணக்குச் சொல்கிறேன்.
கைப்பிடி, திருகாணி, ஆள் கூலி, நூற்றி அறுபது டாலர்.
அது இல்லாமல் விழுந்த வேரா லிண்ட்குவிஸ்டுக்கு
இடுப்பு எலும்பு போனது.
இப்போது ஊருக்கு வெளியே ஒரு கட்டில், மாதம் எட்டாயிரம்.
வீட்டை விற்ற பணம் தீர்ந்ததும்
அதையும் நாம்தான் கட்டப்போகிறோம், வேறொரு பையிலிருந்து.
தராசு பொய் சொல்லாது, ஆனால் தட்டில் எதை வைக்கிறோம்..."

மஞ்சள்.

"இரக்கம் கேட்டு வரவில்லை.
அறுபது வருடம் வரி கட்டிய வீடுகள் அவை.
எந்தப் படி கிரீச்சிடும் என்று
இருட்டிலும் எங்கள் காலுக்குத் தெரியும்.
வேறெங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாலும்
காலுக்கு அந்தப் படிப்பு உதவாது."

சிவப்பு.
மிச்சச் சீட்டுகளில் பெயர்களை மட்டும் படித்தார்,
மூச்சு வாங்க, அவசரமில்லாமல்.
தலைவர் சுத்தியலைத் தொட்டார். தட்டவில்லை.

"நன்றி, திருமதி கோஸ்கெலா.
இந்நேரத்துக்கு எப்படி வீட்டுக்குப் போவீர்கள்?"

"அதைத்தானே," என்றார்,
"நாலே முக்கால் மணி நேரமாகக் கேட்கக் காத்திருக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள்.
பிறகு அந்தச் சிரிப்புக்கு
எங்கே போவதென்று தெரியவில்லை.

முடிவு: ஒத்திவைப்பு. ஐந்துக்கு நான்கு.
அடுத்த கூட்டத்தில் இது முதல் பொருளாக வரும்,
அந்தத் திருத்தம் மட்டும் நிறைவேறியது.

சீட்டுகளை என் மேசையில் வைத்தார்.
அவருடையதில் ஒரே சொல்: வேன்.

விதிப்படி, ஒலிவாங்கி முன் நின்றவர் பெயர்தான்
குறிப்பில் ஏறும்.
'பேசியோர்: ஒருவர்' என்று தட்டினேன்.
அழித்தேன்.
'பதினொருவர்.'
திருத்துகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

என் காரில் சூடு ஏற நேரமாகும்.
மேட்டில் ஏறும் வரை அவர் பேசவில்லை,
விளக்கெரியும் ஜன்னல்களை
கையுறைக்குள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.
ஒரு வீட்டின் முன் மட்டும் மெதுவாகப் போகச் சொன்னார்.
இருட்டு. வாசலில் யாரும் மிதிக்காத பனி.
"ஓர்வில் தூங்கியிருப்பார்."
அடுத்த முனை திரும்பிய பிறகு,
"தூங்கித்தான் இருப்பார்."